அம்பாசடர் தும்மிய மத்தியானம்

அம்மா,

சோறு பிசைய உட்கார்ந்தால் கையில் சந்தன வாசம் வருகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பெட்ரோலோடு கலந்த சந்தனம். இதே வாசம் வீசும் கையால் நீ எனக்கு எத்தனையோ நாள் ஊட்டியிருக்கிறாய். இன்று மத்தியானம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

நீ போன பிறகு அப்பா எஞ்சினைத் தொடவே இல்லை. காக்களூரில் அவருடைய மெக்கானிக் ஷெட் பூட்டியே கிடந்தது. கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேண்டுமாம் என்று யாரோ சொல்ல, போகிறேன் என்று தலையாட்டிவிட்டார். அந்த நேரத்தில்தான் கோயில் கைங்கரியம் செய்கிற வீட்டுச் சாமி, தன் அப்பா வாங்கிய அம்பாசடரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அத்தை அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த ஒரு வண்டிய ஓட வெச்சிட்டு அப்பால யோசிடா. ஓடலன்னா நானே உன்ன பஸ் ஏத்தி உடுறேன்."

அப்பா சரி என்றார். வண்டி ஓடாவிட்டால் ஷெட் கிடையாது. அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

எஞ்சினைப் பிரித்துப் புது ரிங், புது பேரிங் போட்டு முடித்தோம். வண்டிக்குள் இறக்குமுன் பொட்டு வைப்பது உன் வேலை அல்லவா. நீ மேல்மூடியில் ஒன்றே ஒன்று வைப்பாய். "சுத்துற சக்கரத்துக்கு இன்னாத்துக்குப் பொட்டு?" என்பாய். இந்த முறை அத்தை வைத்தாள். அவளுக்குத் தாராளக் கை. கண்ட இடத்திலெல்லாம் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

இன்று சாமி வந்து பக்கத்திலேயே நின்றார். அப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பிறகு கார்புரேட்டர் வழியாகப் பட்டென்று தீயைத் துப்பியது. சாமி பின்னால் துள்ளினார்.

அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெட்ரோல் வந்தது. பிளக்கில் நீலமாகப் பொறி அடித்தது. பிளக் ஓட்டையை நான் கட்டைவிரலால் அடைத்தால் காற்று விரலைத் தள்ளியது. வயர் வரிசையும் சரி. கடைசியாக எஞ்சினைக் கையால் சுற்றி டைமிங் பார்த்தார், அதுவும் சரி என்றார். மறுபடி சாவி போட்டால் மறுபடி பட். ஒவ்வொரு தடவையும் பேட்டரி இன்னும் மெதுவாக முனகியது.

"ஆறதா, ஆகலையா? இல்லேன்னா மெட்ராசுக்கே இழுத்துண்டு போயிடறேன்" என்றார் சாமி.

"வண்டிக்கு சளி புடிச்சிக்கீது சாமி. தும்முது, அவ்ளோதான்" என்றாள் அத்தை. சாமி சிரிக்கவில்லை.

அப்பா மறுபடி எஞ்சினைக் கையால் சுற்றி, அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "பேஜாரா பூடுச்சிக்கா. எனக்குக் கை போயிடுச்சி. சாமி இட்டுக்கினு போவட்டும்."

சாமி போனை எடுத்தார். நான் ரேடியேட்டர் பக்கம் குனிந்திருந்தேன். பெல்ட் ஓடுகிற புல்லியில் அப்பா வைக்கும் வெள்ளைப் பெயிண்ட் புள்ளி உனக்குத் தெரியும். அதை எஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளுக்கு நேரே நிறுத்தித்தான் எப்போது பொறி அடிக்க வேண்டும் என்று வைப்பார். புள்ளி நேராகத்தான் நின்றது. ஆனால் ஓரத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தேன். குங்குமம் கொட்டிப்போய், காய்ந்து வெளுத்த சந்தனம். இதைத்தான் அப்பா பெயிண்ட் என்று நம்பி முள்ளுக்கு நேரே வைத்திருக்கிறார். பெயிண்ட் புள்ளி நாலு விரல் தள்ளி, கிரீசுக்கு அடியில் இருந்தது.

முன்பென்றால் உன் காதில் சொல்லியிருப்பேன். நீ ஷெட்டே அதிரச் சொல்லியிருப்பாய். பத்தாவது பாதியில் நின்றபோதுகூட டீச்சரிடம் சொல்ல நீதான் வந்தாய்.

"அப்பா" என்றேன். எனக்கே கேட்கவில்லை. சாமி போனில் லாரிக்காரனுக்கு வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஸ்பேனரால் பம்பரை ஓங்கித் தட்டினேன்.

"அம்மாடி, அது எங்கப்பா போட்ட பம்பர்!" என்று சாமி அலறினார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"இது பெயிண்ட் இல்லப்பா. அத்த வெச்ச பொட்டு."

"இன்னாடி, தெய்வ காரியத்து மேலயே பழி போடுற?" என்றாள் அத்தை. அப்பா குனிந்து சுரண்டினார். முகர்ந்தார். "உங்கம்மா இங்க வெக்கவே மாட்டா" என்றார். அவ்வளவுதான்.

பிறகு கிரீசைத் துடைத்து, பெயிண்ட் புள்ளியை முள்ளுக்கு நேரே கொண்டுவந்தார். பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி அதற்கேற்பத் திருப்பி வைத்தார். பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் உயிர் இருந்தது.

"இத நீ புடிச்சுக்கோ. நான் உள்ள இருப்பேன், எனக்கு ஒண்ணும் தெரியாது. இன்னா ஆவுதோ கத்திச் சொல்லு."

சாவி திரும்பியது. எஞ்சின் இழுத்தது, தொய்ந்தது, நிற்கப் போனது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினேன். ஒரு உதறல். இன்னொரு உதறல். பிறகு என் உள்ளங்கைக்குள் அது விடாமல் துடிக்க ஆரம்பித்தது. ஷெட் முழுக்க நீலப்புகை.

"நிறுத்திடவா?" என்று உள்ளேயிருந்து அப்பா கேட்டார்.

"வேணாம்பா! ஓடட்டும்! ஓடட்டும்!"

எஞ்சின் இரைச்சலைத் தாண்டி அது அவருக்குக் கேட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். சாமி வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா ஷெட்டைப் பூட்டும்போது, காலையில் சீக்கிரம் திறக்கணும் என்றார்.

எனக்குத் தொண்டை இன்னும் வலிக்கிறது அம்மா. வெந்நீர் குடித்தால் சரியாகிவிடும் என்று அத்தை டம்ளரில் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். நான் குடிக்கவில்லை. கத்தின வலி இன்றைக்கு அப்படியே இருக்கட்டும்.