காலேஜும் சத்திரமும்

17-6-74

மேற்கிலிருந்து கச்சான் காற்று. காலையிலிருந்து புழுதி. ஆபீஸில் பேப்பரைத் தூக்கினால் அடியில் மேசை வேறு நிறம்.

துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். கஸ்டம்ஸ் கையெழுத்துக்காக மேலே ஏறினேன். கப்பல் ஆபீசர் ஒருவன் கலிபோர்னியாக்காரன். விடுவேனா? உங்கள் மாநிலத்தில் எது உசத்தி, கவர்ன்மெண்ட் யுனிவர்சிட்டியா, பிரைவேட்டா என்று கேட்டேன். இரண்டும் நல்லதுதான் என்றான். உருப்படாத பயல். இதைக் கேட்கவா அந்த வெயிலில் ஏணி ஏறினேன்.

அங்கே கவர்ன்மெண்டில் படிப்பது என் மகன் செல்வம். பிரைவேட்டில் சகலை அருணாசலத்தின் மகன் குமரேசன். இரண்டுக்கும் நடுவே இங்கிருந்து திருநெல்வேலி போகிற தூரம்தானாம். அருணாசலம் பேச்சைக் கேட்டால் ஒன்று சொர்க்கம், மற்றது சந்தைக்கடை.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணம்: "குமரேசன் லீவுல வந்திருக்கானாம். நாளைக்கு இங்கன வாரானாம்."

நம் பையன் இந்த வருஷமும் வரவில்லை. படிப்பு அதிகமாம். அருணாசலம் மகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. படித்தால்தானே.

18-6-74

மறுபடி காற்று. இடது கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன். பயனில்லை.

அருணாசலத்தின் கொழுப்பு. எந்த விசேஷமானாலும் பந்தியில் எனக்கு எதிர் இலை பிடித்து உட்காருவான். "கவர்மெண்டு காலேஜுன்னா தர்மாஸ்பத்திரி மாதிரில்லா, அண்ணாச்சி. வருசம் பூரா ஸ்டிரைக்கு." நானும் விடுவதில்லை. அவன் மகன் படிக்கிற இடம், ஒரு ரயில் முதலாளி செத்துப்போன மகன் நினைவாகக் கட்டியது. "எங்கது காலேஜு. உம்மது மகன் பேருல கட்டுன சத்திரம்" என்பேன். பந்தியே சிரிக்கும். அவன் முகம் சுருங்கும். பாயசம் அப்போதுதான் இனிக்கும்.

சொர்ணத்தின் சித்தப்பாவுக்கு வேறு சந்தேகம். "அந்தக் கவர்மெண்டு காலேஜு எந்த ஆளுக கட்டுனது? நம்மள மாதிரி கடைக்குக் கடை மகமைக் காசு பிரிச்சா?" இல்லை என்றால் நம்ப மாட்டார்.

குமரேசன் வரவில்லை. திமிர்.

19-6-74

வந்தான். தோள்வரை முடி. சொர்ணத்துக்கு ஒரு பவுடர் டப்பா. அவள் முறுக்கு எடுக்க உள்ளே போனாள். நான் ஆரம்பித்தேன். "ஏலே, உண்மையச் சொல்லு. உங்கது ஒசத்தியா, செல்வம் படிக்கது ஒசத்தியா?"

இந்தப் பாடத்துக்கு அது, அந்தப் பாடத்துக்கு இது என்று மென்று விழுங்கினான். அப்பனின் வாய் இவனுக்கு இல்லை. "சரி, அவனுக்குப் பட்டம் எப்ப குடுக்காங்க? அதையாவது சொல்லு" என்றேன்.

தரையைப் பார்த்தான். "பெரியப்பா, அவன் படிக்கலையே. போன வருசமே நின்னுட்டான். ஒரு ஓட்டல் அடுப்படில வேலை பாக்கான். அப்பாவுக்கு அப்பவே எழுதுனேனே. அப்பா சொல்லலையா?"

சொர்ணம் முறுக்கோடு வந்துவிட்டாள். "எங்க புள்ள எளைச்சிருக்கானாய்யா?"

"நல்லா இருக்கான், பெரியம்மா."

20-6-74

பல் வலி என்று சொல்லி ஆபீஸ் போகவில்லை.

செல்வத்தின் மேல் உள்ள கோபம்கூட இரண்டாவதுதான். போன வருஷமே. அப்படியென்றால் தீபாவளிக்கு அருணாசலத்துக்குத் தெரியும். பொங்கலுக்குத் தெரியும். சித்தப்பா பேரன் காதுகுத்தில், என் மகன்தான் வகுப்பில் முதல் என்று நான் முழங்கியபோது தெரியும். எதிர் இலையில் உட்கார்ந்து எல்லாம் தெரிந்துகொண்டே ஸ்டிரைக் காலேஜ் என்று மட்டும் கத்தியிருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றோடு நான் தீர்ந்தேன். சொல்லவில்லை.

என்மேல் இரக்கம். இவனுக்கு! வைததுகூட எனக்குப் போட்ட பிச்சையா? முன்பாவது பிடிக்காது. இப்போது அவன் பெயரே ஆகாது.

செல்வத்துக்கு எழுத உட்கார்ந்தேன். 'அன்புள்ள'வுக்கு மேல் பேனா போகவில்லை. சொர்ணத்திடமும் சொல்லவில்லை. கோயிலில் அவன் பரீட்சைக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்து திருநீறு நீட்டினாள். பூசிக்கொண்டேன்.

24-6-74

பல் பிடுங்கியாயிற்று. கன்னம் வீக்கம். கஞ்சி.

வியாழக்கிழமை மச்சான் மகள் கல்யாணம். வரவில்லை என்றேன். சொர்ணம் விடவில்லை. "சொந்த மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்கு வராம இருப்பீகளா? ஊர் என்ன சொல்லும்?" வேட்டி இஸ்திரிக்குப் போயிருக்கிறது.

27-6-74

கல்யாணம். ஒரே புழுக்கம். பந்தியில் கடைசி இலை பார்த்து ஒதுங்கினேன். அருணாசலம் தேடி வந்து எதிரே உட்கார்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். மகன் சொல்லியிருக்கிறான், சந்தேகமில்லை. சாம்பார் வந்தது.

சித்தப்பா சும்மா இருப்பாரா? "என்னவே, ரெண்டு அமெரிக்காவும் இன்னைக்கு ஊமையா இருக்கு?" பக்கத்து இலைக்காரர்கள் எல்லாம் திரும்பினார்கள்.

அருணாசலம் தொண்டையைச் செருமினான். "என்ன அண்ணாச்சி, உங்க கவர்மெண்டு காலேஜுல இந்த வருசமாவது பாடம் நடந்துச்சா?"

சிரிப்பு. என் முறை. வழக்கமான பதில்தான். மகன் என்ற சொல்லில் நாக்கு நின்றுவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

இலைக்கு மேல் குனிந்தான். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "சொல்லுங்க அண்ணாச்சி. மகன் பேருல கட்டுன சத்திரம்னு சொல்லுங்க. எல்லாரும் பாக்காங்க."

சொன்னேன். பந்தி முழுக்கச் சிரிப்பு. பெண்கள் வரிசையில் சொர்ணத்தின் சிரிப்புதான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.