மிஸ்ஸியோனில் இருக்கிறவர்

9 ஜூன் 2025, திங்கள்

கால் வீங்கிவிட்டது. செருப்பு ஏறவில்லை. கடையில் பூர்ணிமாதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மருந்து நான் எடுத்துக் குடுக்கறேன், நீ பில்லு மட்டும் போடு" என்றாள். உழவர்கரையில் எங்கள் மருந்துக் கடையில் யாரும் உட்கார்ந்து வேலை செய்ததாக வரலாறு இல்லை. முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விட்டார். என் வயிற்றுக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைத்ததே இல்லை.

காலையில் பிரெஞ்சு கான்சுலேட்டுக்குப் போய், பிறக்கப் போகிற பிள்ளையின் பதிவு பற்றி விசாரித்தேன். கவுண்டரில் இருந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். மயிலம் கோயிலில் தாலி கட்டியது அவர்கள் கணக்கில் கல்யாணம் இல்லை. அவர்களிடம் பதிந்திருந்தால் பிள்ளைக்கு அவர்தான் அப்பா என்று தானாகவே எடுத்துக்கொள்வார்களாம். பதியாததால் என் புருஷன் மதியே போய், பிறக்கப் போவது என் குழந்தை என்று கையெழுத்துப் போட வேண்டும். பிரான்சில் எந்த மெரியிலும் போடலாம். மெரி என்றால் அங்கே நகராட்சி அலுவலகம். பிரசவத்துக்கு முன்பே போட்டாலும் செல்லும்.

மதியின் அப்பா, என் மாமாதான் கல்யாணத்தின்போது சொன்னார்: "தாலிய இப்போ கட்டிடுவோம், பேப்பர் கல்யாணம் அடுத்த வக்கான்ஸ் லீவுல வெச்சிக்கலாம்." பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள நேஷனாலிட்டி வீடுகளில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. இங்கே முனிசிபாலிட்டியிலும் பதிய வேண்டாம், பிரெஞ்சுப் பேப்பர் குழம்பிவிடும் என்றார். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்குகிறவர். அவருக்குத் தெரியாததா என்று நானும் தலையாட்டினேன்.

மதிக்குச் செய்தி அனுப்பினேன். அவரும் சொல்தாதான். பொங்கலுக்கு வந்துவிட்டுப் போனவரை அப்படியே மிஸ்ஸியோன் என்கிற ராணுவப் பணிக்கு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். "மிஸ்ஸியோன்ல இருக்கேன் சங்கவி. இந்தப் பாலைவனத்துல மெரிக்கு எங்க போறது? முடிஞ்சதும் மொத வேலை அதான்" என்று பதில் வந்தது. பாவம், அந்த வெயிலில் என்ன சாப்பிடுகிறாரோ.

21 ஜூன், சனி

போன் இல்லை. அங்கே சிக்னல் இருக்காது என்கிறார் அத்தை. பிள்ளை உதைக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை.

14 ஜூலை, திங்கள்

இன்று பிரான்சின் தேசிய நாள். விடிந்ததும் மாமாவின் கோட்டைத் தேய்த்துக் கொடுத்தேன். அத்தை மெடல்களைப் புளி போட்டுத் துலக்கினார். பீச் ரோட்டில் போர் நினைவுச் சின்னத்துக்கு மாமா நிமிர்ந்த நெஞ்சோடு போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்கு நிலவன் அண்ணனைக் கூட்டிவந்தார். மதியோடு ஒரே ரெஜிமெண்ட், வக்கான்ஸுக்கு ஊருக்கு வந்திருக்கிறார். கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டேன். "அங்க சாப்பாடெல்லாம் எப்பிடிண்ணே? அவர் ஒண்ணுமே சொல்ல மாட்றாரு."

"ஆப்பிரிக்காவா? அது முடிஞ்சி எத்தினி நாளாச்சி! ஜூன் மொத வாரமே எல்லாரும் ஒண்ணா திரும்பிட்டமே. மதி என் பக்கத்து சீட்டுலதான்..."

அண்ணன் மாமாவைப் பார்த்தார். பிறகு இலையைப் பார்த்தார். மாமா என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் முன்னால் சொம்பு நிறைய இருந்தது.

15 ஜூலை

மதி திரும்பினது மாமா, அத்தை ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிக்கினேதான் "சிக்னல் இருக்காதும்மா"ன்னு சொல்லியிருக்காங்க. நான் கோட்டு தேய்ச்சிக் குடுத்திருக்கேன்.

17 ஜூலை, வியாழன்

மாமா போனிலிருந்து மதியைக் கூப்பிட்டேன். அதனால்தான் எடுத்தான்.

"மிஸ்ஸியோன் எப்போ முடிஞ்சிது?" என்று மட்டும் கேட்டேன். பதிலுக்கு, "நீ அங்க, நான் இங்க. எனக்கு இன்னா தெரியும்?" என்றான்.

"எது இன்னா தெரியும்?"

"கொழந்த."

எனக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், "பொங்கலுக்கு எங்கூடத்தானய்யா இருந்த?" என்று கத்தினேன். அதற்கு நிதானமாக, கடைக்காரன் ஸ்டாக் இல்லை என்பது போலச் சொன்னான்: "கத்தாத. பேப்பர்ல எனக்குக் கல்யாணமே ஆவல."

அத்தை கதவோரம் நின்றிருந்தார். "ஆம்பள ஊர்ல இல்லாதப்போ ஏறுன வயிறு. அவனுக்கு சந்தேகம் வராதா?" என்றார். கர்ப்பம் என்று சொன்ன அன்று என் வாயில் சர்க்கரை போட்டதும் இதே அத்தைதான். மாமா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி ஓடவில்லை.

பையை எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடிக்கு, அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

நிலவன் அண்ணன் பிரான்சுக்குத் திரும்புவதற்கு முன் போன் செய்தார். "எந்தங்கச்சியா இருந்தா சொல்லாம இருப்பனா? அவன் அங்க வேற ஒரு பொண்ணோட ஒரே ஊட்ல இருக்கான்மா. ரெண்டு வருஷமா."

ரெண்டு வருஷமா. அப்படியென்றால் தாலி கட்டும்போதும். அதனால்தான் பேப்பரைச் சுத்தமாக வைத்திருந்தார்களா? மாமா அறிந்தே சொன்னாரா? வேறு எப்படிச் சொல்லியிருப்பார்! எனக்கு மட்டும் அது கல்யாணம். அவர்கள் மூன்று பேருக்கும் அது என்ன?

16 ஆகஸ்ட்

இங்கே அப்பா வீடு இருக்கிற கிழக்குத் தெருவில் பேச்சு இப்படி: "நேஷனாலிட்டிக்கு ஆசப்பட்டா, மாட்டிக்கினா." நான் ஆசைப்பட்டது அவன் சிரிப்புக்கு. சொன்னால் யார் நம்புவார்கள்? எனக்கே வெட்கமாக இருக்கிறது.

9 செப்டம்பர், செவ்வாய்

துர்கா என்று ஒரு வக்கீல். பூர்ணிமா கூட்டிப்போனாள். பிரான்சில் கோர்ட்டில்தான் போட வேண்டும், அங்கே தனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார் என்றார். டி.என்.ஏ. பரிசோதனையை அங்கே நீதிபதி சொன்னால்தான் செய்ய முடியும். மாட்டேன் என்று அவன் மறுத்தால் அதுவே அவனுக்கு எதிராகப் போகலாம். குழந்தை பிறந்ததும் போட்டுவிடலாம் என்றார்.

"அவரோட வாழணுமா, கொழந்தைக்கு அப்பன்னு நிலைநாட்டணுமா? ரெண்டும் வேற வேற கேஸும்மா. யோசிச்சி சொல்லு" என்றார்.

யோசிக்காமல், "கொழந்தைக்குத்தான்" என்றேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

12 அக்டோபர், ஞாயிறு

கதிர்காமம் ஆஸ்பத்திரி. பெண். நேற்று இரவு பிறந்தாள். தகப்பன் பெயர் என்ன என்று நர்ஸ் கேட்டதும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். மதிவாணன் என்றேன், தயங்காமல்.

நெற்றி அப்படியே அவனுடையது. பார்க்கவும் பிடிக்கிறது, பார்க்கவும் முடியவில்லை.

11 நவம்பர், செவ்வாய்

பாரதி என்று பெயர் வைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மாமா வந்தார். இன்றும் நினைவுச் சின்னத்தில் விழா. கோட்டோடும் மெடலோடும் நேராக இங்கேயே வந்துவிட்டார். குழந்தையைக் கேட்டார். கொடுத்தேன். அவளைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. பொய்யில்லை, நான் பார்த்தேன்.

அப்புறம் வந்த விஷயத்தைச் சொன்னார், போன வாரம் பிரான்சில் போட்ட கேஸைப் பற்றி. "கேஸ வாபஸ் வாங்கிடும்மா. ரெஜிமெண்டுக்குத் தெரிஞ்சா அவனுக்கு அசிங்கம்."

"மாமா, பொங்கலுக்கு அவர் உங்க ஊட்ல எங்கூடத்தான் இருந்தாருன்னு நீங்க ஒருவாட்டி எழுதிக் குடுத்தா போதும்."

"புள்ளைக்கு எதிரா எப்பிடிம்மா எழுதறது?"

அதுவரை பேசாமல் நின்ற அப்பா கேட்டார். "சம்பந்தி, இந்த மெடலெல்லாம் உங்களுக்கு இன்னாத்துக்குக் குடுத்தாங்க?"

மாமா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கோட்டின் முதுகு சுருங்கியிருந்தது. அவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். மதியை நான் ஆசைப்பட்டேன், ஆனால் நம்பியது இவரைத்தான்.

16 ஜனவரி 2026

போன பொங்கலுக்கு மொட்டை மாடியில் நின்று, பெண் பிறந்தால் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டவன் அவன்தான். அதையெல்லாம் எந்தக் கோர்ட்டில் சொல்வது?

22 ஜூன், திங்கள்

துர்கா மேடம் கடைக்கே போன் செய்தார். பரிசோதனைக்கு வரச் சொல்லி நீதிபதி உத்தரவு போட்டிருந்தார். அவன் பரிசோதனைக்குப் போகவில்லை. மறுநாளே மெரிக்குப் போய், பாரதி என் மகள்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறான். "ஜெயிச்சிட்டம்மா!" என்றார் மேடம்.

பூர்ணிமா கட்டிப்பிடித்தாள். முதலாளி ஜூஸ் வாங்கிவரச் சொன்னார். நான் சிரித்தபடி குடித்தேன்.

வீட்டுக்கு வந்து குழந்தையைக் குளிப்பாட்டும்போது அந்த நினைப்பு வந்து அடித்தது. சந்தேகம் இருக்கிறவன் பரிசோதனைக்கு ஓடியிருப்பான். இவன் போகவே இல்லை. அப்போ ஒரு நாள்கூட இவனுக்கு சந்தேகம் இருந்ததில்லை. தெரிஞ்சிக்கினேதான் கேட்டான், "எனக்கு இன்னா தெரியும்"னு. பாவி. பாவி. ஊரே என்னைப் பேசட்டும்னு விட்டியே.

14 ஜூலை, செவ்வாய்

காலையில் அத்தை வந்தார். கையில் ஆப்பிள், குழந்தைக்குக் கவுன். பாரதியைத் தூக்கி, "எம் புள்ள ஜாடை, அப்படியே எம் புள்ள ஜாடை" என்று கொஞ்சினார். ஆம்பள ஊர்ல இல்லாதப்போ என்ற அதே வாய்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அந்தப் பொண்ணு பொட்டியக் கட்டிக்கினு போய்டுச்சாம். கோர்ட்டுக் கடுதாசிய அதுதான் பிரிச்சிருக்கு. உடு, பீட வுட்டுது. இந்த வக்கான்ஸ்லயே பேப்பர் கல்யாணத்த முடிச்சிடலாம். மாமா கான்சுலேட்ல பேசறேன்னுட்டாரு. நீயும் கொழந்தயும் அங்கயே போய்டலாம்."

இதைக் கேட்பதற்குத்தான் ஒரு காலத்தில் தவம் கிடந்தேன். கேட்டபோது மனசில் ஒன்றும் அசையவில்லை.

"அத்த, பாரதிக்கு அப்பன் யாருன்னுதான் நான் கேட்டேன். எனக்குப் புருஷன் வேணும்னு கேக்கல."

"கோவத்துல பேசாத. யோசிச்சி சொல்லு."

"யோசிச்சாச்சி. ஆப்பிள வெச்சிட்டுப் போங்க, கொழந்தைக்கு மசிச்சிக் குடுக்கறேன்."

அவர் போன பிறகு கடைக்குக் கிளம்பினேன். பீச் ரோட்டில் மரியாதை நடப்பதால் பஸ்ஸைச் சுற்றி விட்டார்கள். தூரத்தில் பாண்டு சத்தம் கேட்டது. மாமாவும் அங்கேதான் நின்றிருப்பார். கோட்டை யார் தேய்த்துக் கொடுத்தார்களோ, தெரியவில்லை.