கோஸ்தான்

பயிற்சித் தளம்
3 மார்ச் 2024

அன்பு அக்கா ஜெகதீஸ்வரிக்கு,

கைத்தொலைபேசியைப் பூட்டி வைத்துவிட்டார்கள். கடற்படைப் பயிற்சி முடியும்வரை கடிதம்தான்.

வெளிநாட்டுக் கப்பல்களோடு பேச வேண்டும் என்று எங்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. தேறாவிட்டால் வீட்டுக்குத்தான். படகைப் பின்னால் எடுக்க என்ன உத்தரவு என்று பயிற்சியாளர் கமால் துவான் கேட்டார். உன் வேனுக்குப் பின்னால் நின்று கத்திய பழக்கத்தில் 'கோஸ்தான்' என்றேன். வகுப்பே சிரித்தது. பலகையில் 'அஸ்டர்ன்' என்று எழுதிப் போட்டார். இனி அந்தப் பாசார் பேச்சு, சந்தைப் பேச்சு, காதில் விழுந்தாலும் அசையக்கூடாதாம்.

சாப்பாடு பரவாயில்லை. ரசம்தான் இல்லை.

தம்பி கோகிலன்

ஆயர் ஈத்தாம்
10 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

சிரித்தவர்கள் வீட்டுக் காரெல்லாம் முன்னால் மட்டும்தான் போகுமா? பினாங்கில் எல்லா இனமும் கோஸ்தான் என்றுதான் சொல்கிறது. உன் பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஆளே போடாமல் விளையாட்டு வாத்தியாரை வைத்து ஓட்டினார்கள். வெட்கப்பட வேண்டியவன் நீ இல்லை. 'நம்ம ஆளுங்க தாங்க மாட்டாங்க' என்று சொன்னவர்கள், நீ திரும்பி வருவாய் என்று இங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள். படி.

தொழிற்சாலை ஆட்களை ஏற்றிக்கொண்டு இப்போது தனியாகத்தான் வேனைப் பின்னால் எடுக்கிறேன். நேற்று ஒரு தூணை இடித்தேன்.

ஜெகா அக்கா

17 மார்ச்

அக்கா,

படகுத் தேர்வு போய்விட்டது. இயந்திரக் கைப்பிடி என் கையில் இருந்தது. வேறோர் அதிகாரி காற்றில் 'கோ அஸ்டர்ன்' என்று கத்தினார். எனக்குக் கோஸ்தான் என்றே கேட்டது. சோதிக்கிறார் என்று நினைத்து அசையாமல் நின்றேன். படகு துறைமேடையில் மோதியது. யாருக்கும் அடியில்லை. உத்தரவு புரியாதவன் என்று எழுதிவிட்டார்கள்.

தொழிற்சாலை சூப்பர்வைசர் தயாளன் அண்ணனிடம் எனக்கு ஒரு வேலை கேட்டு வை.

கோகிலன்

24 மார்ச்

அன்பு அக்காவுக்கு,

தேறிவிட்டேன். வேலை வேண்டாம்.

ஏன் மரம் மாதிரி நின்றாய் என்று கமால் துவான் கேட்டார். சொன்னேன். உட்கார்ந்து சிரித்தார். "ரெண்டும் ஒண்ணுதான்டா. கப்பல்ல 'கோ அஸ்டர்ன்'னு கத்துனதை ஊரு 'கோஸ்தான்'னு பிடிச்சுக்கிச்சு" என்று மலாயில் சொன்னார். அசையாதே என்றது தன் தப்பு என்று மேலே பேசி மறுதேர்வு வாங்கிக் கொடுத்தார். இந்த முறை உத்தரவு வந்ததும் கைப்பிடியை இழுத்தேன்; படகு பின்னால் போனது. நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

உன் கோகிலன்

ஆயர் ஈத்தாம்
31 மார்ச்

என் தம்பிக்கு,

கடிதத்தை வேனிலேயே பிரித்தேன். நான் அழுவதைப் பார்த்து, யார் செத்தது என்று தொழிற்சாலை ஆட்கள் கேட்டார்கள். விடுமுறைக்கு வா, ரசம் வைக்கிறேன்.

உனக்காகக் கேட்டு வைத்த வேலை வேண்டாம் என்று தயாளன் அண்ணனிடம் சொன்னேன். "கப்பல்லேர்ந்து கோஸ்தான் அடிச்ச பையன், இதுவும் வேணாமாலா?" என்று இளித்தார்.

"கோஸ்தான் அடிச்சது படகுண்ணே. அவன் இல்லைலா" என்றேன்.

ஜெகா அக்கா