மலைக்கு முன்னால் ஒரு கொடிக்கயிறு

என் கோபக்கார அக்காவுக்கு,

கடைசிவரை கடலைப் பார்க்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டே போனாய். உன் படங்கள் பார்த்துவிட்டன, அக்கா.

கடலோரத்து ஊர் ஒன்றில் மாதாமாதம் ஊர் வரலாறு பேசுகிறார்களாம், கூடவே ஓவியக் கண்காட்சியும் வைக்கிறார்களாம். உன் மகள் தீபா உன் படங்களை அனுப்பிவைத்தாள். உன்னைப் பற்றியும் நம் ஊரைப் பற்றியும் பேச வீட்டிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்று அதை நடத்துகிற சார் கேட்டிருக்கிறார். அவள் என்னைக் கைகாட்டிவிட்டாள். "எனக்கு இன்னாடி பேசத் தெரியும், தையல் மெஷினத் தவிர?" என்றேன். "சண்டைன்னா நல்லாப் பேசுவியே சித்தி" என்கிறாள். வாயைப் பார், அப்படியே உன் வாய்.

சின்னசேலத்தில் பஸ் ஏறி மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வாசலிலேயே பெரிய போர்டு. 'கல்வராயன் மலையின் மகள்' என்று போட்டு, கீழே உன் பெயர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ மலைக்குப் போனது ஒரே ஒரு தடவை. ஏறும்போதும் வாந்தி, இறங்கும்போதும் வாந்தி. "இனிமே மலைய எங்க வூட்டு மாடியிலருந்தே பாத்துக்கறேன் போங்க" என்று பஸ்ஸுக்குள்ளேயே சபதம் போட்டவளாச்சே நீ!

உள்ளே போய்ப் படங்களைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது. மலை இருக்கிறது, மேகம் இருக்கிறது, கொடிக்கயிறு இல்லை. உன் ஒவ்வொரு படத்திலும் கீழே ஓடுமே, ஈரத்துணியும் கிளிப்புமாக, அது ஒன்றிலும் இல்லை. ஃபிரேமுக்குள் வெள்ளை அட்டை வைத்து அந்த இடத்தை மட்டும் மறைத்திருந்தார்கள்.

சார் நல்ல மனிதர்தான், காபியெல்லாம் வாங்கிக் கொடுத்தார். "துணி கண்ணை இழுக்குதும்மா, மலையோட அழகு கெட்டுப்போகுது" என்றார். அடுத்து இதே படங்களைப் புதுச்சேரிக்கும் கொண்டுபோகப் போகிறாராம். தீபா என் கையைக் கிள்ளினாள். "சித்தி, கம்முனு இரு. அம்மா படத்த நாலு பேரு பாக்கறதே பெரிசு. நீ சண்ட போட்டுகினு அதையும் கெடுத்துடாத."

அவள் சொல்வதும் நியாயம்தானே? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய், அக்கா? எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முன்னால் பேசியவர் பழைய துறைமுகம், கப்பல் என்று அழகாகப் பேசினார். எனக்கு ஒரு வார்த்தைகூட ஏறவில்லை.

என் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தேன். "எங்க அக்கா மலைக்காரி இல்லீங்க" என்றேன். தீபா தலையில் கையை வைத்துக்கொண்டாள். "விடிஞ்சா சமையலு, அப்பறம் மாடு, அப்பறம் கழனி. மாடியில துணி காயப்போடற நேரந்தான் அக்கா மலையப் பாக்கற நேரம். அந்தத் துணிய நீங்க மறைச்சிட்டீங்க. மலைய யாரு வேணும்னாலும் வரைவாங்க சார். எங்க அக்கா நின்ன எடத்த யாரு வரைவாங்க?"

அதோடு மைக்கை வைத்தேன். நேரே போய் ஒரு படத்தைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தேன். "அம்மா, அம்மா, பாத்து" என்று சார் பதறி ஓடிவந்தார், நான் படத்தை விடவில்லை. பிறகு அவரே பின்பக்க ஆணிகளைப் பிடுங்கினார்.

அட்டையை உருவியதும் கொடியில் ஒரு நீலப் பாவாடை. அம்மா செத்தபின் நீ என்னை உன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாயே, அப்போது நான் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போனது. ஓரத்துக் கிழிசல்கூட அப்படியே இருக்கிறது. அந்த நாளிலேயே வரைந்து வைத்ததா, இல்லை நினைவு வைத்திருந்து பிறகு வரைந்தாயா? ஏன்டி இந்த ஒரு படத்தை மட்டும் என்னிடம் காட்டவே இல்லை? அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன், அக்கா.

எல்லாப் படத்திலும் அட்டையை எடுத்து மறுபடி மாட்டிய பிறகு, மீன்கூடையோடு வந்த ஓர் அம்மா அந்தப் பாவாடைப் படத்தின் முன்னாலேயே நின்றார். "எங்க வூட்டு மாடியிலயும் இதாம்மா. துணிய ஒதுக்குனாத்தான் கடலு தெரியும்" என்றார்.

சாருக்கு இன்னும் முழு மனசில்லை. "மலை மட்டும் இருந்தா இன்னும் எடுப்பா இருக்கும்" என்று கிளம்பும்போதும் சொன்னார். ஆனாலும் போர்டில் என்ன எழுதலாம் என்று என்னையே கேட்டார். சொன்னேன், எழுதினார்: 'வசந்தா, சின்னசேலம். துணி காயப்போடும்போது பார்த்தது.'

புதுச்சேரிக்கும் நான் கூடவே போவேன். எந்த ஊர்ச் சுவரில் உன்னை மாட்டினாலும் கொடிக்கயிறோடுதான் மாட்டுவார்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்த நீலப் பாவாடைக்காரி,
உன் தங்கச்சி செல்வி