ரிப்போர்ட்டில் நார்மல்

ஜூலை 14, திங்கள்

வேதியியல் பட்டம் வாங்கியும் இருபது வருடமாகப் பட்டாசு ஆலையில் போர்மேனாகவே கிடக்கிறேன். சின்ன வயதில் டாக்டராகிவிட்டவர்களைக் கண்டாலே எரிகிறது. இன்று ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் பெண் ரத்தக் கொழுப்புக்கு மாத்திரை எழுதியதும் கத்திவிட்டேன்.

"ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கு. கமிஷனுக்கு எழுதுறீகளா?"

"அது சர்க்கரை இல்லாதவங்களுக்கான அளவு சார். உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. மாரடைப்பு வராம இருக்கத்தான் இந்த மாத்திரை."

மருந்துச் சீட்டை மேசையிலேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன். வரிசையில் முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். நாலு பேர் மட்டுமே இருக்கவேண்டிய வெடிமருந்து அறையில் ஐந்தாவதாக நின்றதற்காகப் போன வாரம் நான் ஏழு நாள் வேலைக்கு வராதே என்று வீட்டுக்கு அனுப்பியவள். "இம்புட்டு வருசமா ஒண்ணும் ஆகலையே, அண்ணாச்சி" என்று அன்று கெஞ்சினாள். "ஆகுற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதான்" என்று எல்லோர் முன்னாலும் சீறினேன்.

உள்ளே நான் கத்தியது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஆகுற வரைக்கும் ஒண்ணும் ஆகாதுதான், அண்ணாச்சி. போயி சீட்ட எடுத்துட்டு வாங்க" என்றாள். சிரிக்கக்கூட இல்லை.

திரும்பிப் போய் எடுத்தேன். டாக்டரிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை.

சாப்பிட்டதும் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். நாளை முத்துமாரி வேலைக்குத் திரும்புகிறாள். அறை வாசலில் நின்று தலைகளை எண்ண வேண்டியவன் நான்தான்.