பதிவேட்டில் சிந்துஜா

கடலூர் முதுநகர்
12.6.2006

அன்புள்ள அக்காவுக்கு,

இளமதி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முழங்கால் வலியும் மாமாவின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன? போனிலேயே கேட்கலாமே என்பாய். போன் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் கேட்கப்போவதை அவர் காதில் விழும்படி கேட்க முடியாது.

இன்று பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். நான் பிள்ளைகளை அனுப்பவில்லை.

போன வருஷம் ஒன்றாம் வகுப்பு முழுக்கச் சிந்துஜா புருவ மயிரைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். முதலில் பூச்சிவெட்டு என்று நினைத்து என்னென்னவோ தடவினேன். பிறகுதான் கவனித்தேன், டெஸ்ட் இருக்கிற நாளில்தான் கை போகிறது. இடது புருவத்தில் பாதி இல்லாமல் போனது. லீவு விட்டதும் நிறுத்தினாள், கருகருவென்று முளைத்தது. போன வாரம் புது நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு வைத்தேன். மறுநாள் தலையணையில் மயிர் கிடந்தது.

நான் பி.எஸ்சி. படித்தவள். இரண்டாம் வகுப்புப் பாடம் எனக்குச் சொல்லித்தர வராதா? அரசுவும் யு.கே.ஜி. முடித்துவிட்டான், ஐந்து வயதாகிறது, அவனையும் கூடவே உட்கார வைத்துவிடலாம். ஷிப்ட் முடிந்து வந்த அவரிடம் சொன்னேன். "ஊர்ல இல்லாத வழக்கமா இருக்கு. நாளைக்கு சர்ட்டிபிகேட்டு கேட்டா எங்க போறது?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு மேல் வாதம் பண்ண எனக்கும் தெம்பில்லை.

நீ இருபத்துநாலு வருஷமாக டீச்சர். பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டுமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல் அக்கா.

உன் தங்கை
இளமதி


சிதம்பரம்
21.6.2006

அன்பு மதிக்கு,

அக்காவின் ஆசிகள். மாமாவுக்குச் சர்க்கரை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. என் முழங்கால் மினிபஸ் படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டுகிறது.

ஒரே வார்த்தை கேட்டாய், ஒன்பது நாள் ஆகிவிட்டது. குமராட்சிப் பக்கத்தில் நான் வேலை செய்கிற பள்ளியின் கதை உனக்குத் தெரியும். நானும் ஹெட்மாஸ்டர் அந்தோணிசாமி சாரும்தான். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போகிறார்கள். ஆகஸ்டில் தலை எண்ணும்போது இரண்டு டீச்சருக்கு வேண்டிய கணக்கில் இரண்டு பிள்ளை குறைகிறது. குறைந்தால் நான் உபரி டீச்சர். மாவட்டத்தில் எந்த மூலையில் வேண்டுமானாலும் தூக்கிப் போடுவார்கள். இந்த முழங்காலோடும் மாமாவோடும் நான் எங்கே போவேன்?

அதனால் ஒரு வழி யோசித்தேன். பழைய பள்ளியில் டி.சி. வாங்கி அனுப்பு. சிந்துஜாவை இரண்டாம் வகுப்பிலும் அரசுவை ஒன்றாம் வகுப்பிலும் எங்கள் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன். ஜூன் முதலே தினமும் வந்ததாக நான் போட்டுக்கொள்கிறேன். நீ வீட்டில் உன் இஷ்டப்படி சொல்லிக்கொடு. மாப்பிள்ளை கேட்ட சர்ட்டிபிகேட்டும் கிடைக்கும். அந்தோணிசாமி சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, "நடத்துங்க டீச்சர், நான் எதையும் பாக்கல" என்றார்.

ஆகவே வீட்டிலேயே வைத்துக்கொள்.

அக்கா
ஞானாம்பாள்


கடலூர் முதுநகர்
30.7.2006

அன்புள்ள அக்காவுக்கு,

டி.சி. இரண்டும் கிடைத்ததாகச் சொன்னாய், சந்தோஷம். உன் ஏற்பாட்டைச் சொன்னதும் அவர், "ஒங்க அக்கா கில்லாடிதான்" என்றார். அன்றைக்கு இரண்டு இட்லி கூடவே சாப்பிட்டார்.

ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை உட்கார வைக்கிறேன். ஒன்பது ஐந்துக்கு அரசுவுக்குத் தாகம் எடுக்கும். பத்துக்கு மாமியாருக்குக் கஞ்சி. அடுப்பில் குழம்பு, இந்தப் பக்கம் கழித்தல் கணக்கு. முந்தாநாள் கணக்கு சரியாக வந்தது, குழம்பு அடிப்பிடித்தது. சாயங்காலம் ஆனால் எனக்குப் பேசவே வாய் வரவில்லை. சிந்துஜா மட்டும் நன்றாக இருக்கிறாள். புருவம் முழுசாக வளர்ந்துவிட்டது, வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி சொல்கிறாள்.

எதிர்வீட்டு அமராவதி அக்காதான் தினமும், "புள்ளைங்களுக்கு ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்கிறார். காய்ச்சல், அம்மை, மஞ்சள்காமாலை எல்லாம் சொல்லி முடித்துவிட்டேன். இனிமேல் சொல்ல வியாதி இல்லை. அதனால் நாலு மணிக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவர்கள் விளையாடிவிட்டுப் போன பிறகுதான் திறக்கிறோம்.

உன் தங்கை
இளமதி


சிதம்பரம்
16.8.2006

மதி,

அவசரமாக எழுதுகிறேன். இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை கல்வி ஆபீசர் வருகிறார். தலையை நேரில் எண்ணுவாராம். நீ திங்கட்கிழமையே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு. யூனிபார்ம் இரண்டு செட் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

சிந்துஜாவுக்கு நன்றாகச் சொல்லிக்கொடு. பள்ளியின் பெயர், ஊர் பெயர், ஹெட்மாஸ்டர் பெயர். என்னைப் பெரியம்மா என்று கூப்பிடக்கூடாது, டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். அரசு அழாமல் இருந்தாலே போதும். நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதே, மினிபஸ் நிற்கிற இடத்தில் இரு.

இந்த ஒரு நாள் தாண்டிவிட்டால் இந்த வருஷத்துக்கு எனக்குக் கவலை இல்லை.

அக்கா


கடலூர் முதுநகர்
25.8.2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பிள்ளைகளை மினிபஸ் நிற்கிற இடத்தில் கொண்டுவந்து விட்டபோது உன் முகத்தைப் பார்த்தேன். என்ன நடந்தது என்று சிந்துஜா பஸ்ஸில்தான் சொன்னாள்.

ஆபீசர் நல்ல மனுஷராம். பாடம் வாசிக்கச் சொன்னாராம், வாசித்தாளாம். வாய்ப்பாடு சொன்னாளாம். ஹெட்மாஸ்டர் பெயர், டீச்சர் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாளாம். "கெட்டிக்காரப் பொண்ணு" என்று தலையைத் தடவிவிட்டு, போகிற போக்கில், "பக்கத்துல ஒக்காந்திருக்கே, இந்தப் பொண்ணு பேரு என்னம்மா?" என்று கேட்டாராம்.

பதிவேட்டின்படி ஜூனிலிருந்து ஒரு நாள் விடாமல் வந்த பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை பெயர் தெரியவில்லை. நீயும் நானும் என்னென்னவோ சொல்லிக்கொடுத்தோம். அது நம் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை அக்கா.

அந்தப் பிள்ளையே எழுந்து, "மாரியம்மா சார். நாங்க ரெண்டு பேரும் பிரண்டு சார்" என்றதாம். ஆபீசர் பதிவேட்டை வாங்கிப் புரட்டினாராம். நீ கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாயாம். பஸ்ஸில் பார்த்தேன், சிந்துஜாவின் இடது புருவம் சிவந்திருந்தது.

கடலூர் வரும்வரை, "அந்தப் பொண்ணு ஏம்மா என்னைப் பிரண்டுன்னு சொல்லிச்சு? நாளைக்கும் அங்க போலாமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

என்னால் உனக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. நேற்று இங்கே நகராட்சிப் பள்ளியை எட்டிப் பார்த்தேன். ஒரே அறையில் இரண்டு வகுப்பு, ஒரே இரைச்சல். திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அனுப்பவும் மனசு வரவில்லை. நான் களைத்துப்போய்விட்டேன் அக்கா. திட்டியாவது ஒரு வரி எழுது.

இளமதி


திட்டக்குடி
12.11.2006

மதி,

ஆகஸ்டிலிருந்து நீ எழுதிய நாலு கடிதமும் வந்தன. கோபத்தில்தான் பதில் போடவில்லை. கோபமில்லை என்று எழுதத்தான் இரண்டு தடவை உட்கார்ந்தேன், எழுத முடியவில்லை.

எல்லாம் நான் செய்ததுதான் என்று அந்தோணிசாமி சார் எழுதிக் கொடுத்துவிட்டார். அது உண்மைதானே. இரண்டு பெயரையும் அடித்தார்கள், நான் உபரி ஆனேன். இங்கே ஒரு பள்ளியில் போட்டிருக்கிறார்கள். தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் சின்ன அறை ஒன்று எடுத்திருக்கிறேன். சிதம்பரத்தில் மாமாவுக்கு ஊசி போடப் பக்கத்து வீட்டு ரேகா வருகிறாள். சனிக்கிழமை நான் போகும்போது ஒரு வாரத்துப் பாத்திரம் கிடக்கும்.

கோபம் யார்மேல் என்று யோசிக்க இங்கே நிறைய நேரம் இருக்கிறது. உன்மேல் இல்லை. குழந்தைமேல் எப்படி வரும்? நீ என்னை அக்கா என்று நினைத்துக் கேட்டாய். நான் இரண்டு பிள்ளை குறைகிற டீச்சராகப் பதில் எழுதிவிட்டேன். அன்றைக்கே எனக்கு வேறு பதில் தெரியும். அதைச் சொல்லாமல் மறைத்தேன்.

இப்போது சொல்கிறேன். அனுப்பு. அந்த நகராட்சிப் பள்ளிக்கே அனுப்பு. இரைச்சல் இருந்தால் இருக்கட்டும். டெஸ்ட் என்று கொஞ்ச நாளைக்குப் பயமுறுத்த வேண்டாம் என்று டீச்சரின் கையைப் பிடித்துக் கேள். முதல் வாரம் நீயும் வராந்தாவில் உட்கார். டீச்சர் முறைப்பார், நானாக இருந்தாலும் முறைத்திருப்பேன். திரும்பவும் புருவம் போனால் வீட்டிலேயே வைத்துக்கொள். அப்போது யாரையும் கேட்காதே, என்னையும் கேட்காதே.

இன்னொன்று. ஆபீசர் வந்துபோன மறுநாள் காலையில் மாரியம்மாள் தன் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். "டீச்சர், சிந்துஜா இன்னிக்கி வரலியா?" என்று கேட்டாள். நான் பதிவேட்டைத் திறந்தேன். ஜூனிலிருந்து வராத பிள்ளைக்குத் தினமும் வந்ததாகப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஆப்சென்ட் போட்டேன்.

அக்கா
ஞானாம்பாள்