பதினான்கு மெஷினுக்கும் ஒரே செய்முறை

6 ஜூலை 1998, திங்கள்

கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டாவது வாரம். ஒன்பது வருஷம் தொழிற்சாலை உற்பத்தி லைனில் உட்கார்ந்து சிப் பார்த்த கண்ணுக்கு இந்தத் திரை பெரிய ஓய்வு. ஆனால் நான்கு மாதம் சோதனைக் காலம். தேறாவிட்டால் மறுபடி லைன்தான். அங்கே இந்த வருஷம் ஆள் குறைக்கிறார்கள்.

எங்கள் பொறுப்பில் பதினான்கு மெஷின். எல்லாம் யூனிக்ஸ் குடும்பம் என்கிறார்கள். ஆறு பழைய யூனிக்ஸ், ஐந்து லினக்ஸ், மூன்று பி.எஸ்.டி. ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்கு முக்கால்வாசிதான் புரிகிறது. வரைபடம் போடும் ஒரே மென்பொருளை மூன்று விதமாகக் கட்டி ஏற்ற வேண்டும். எப்படி என்பது மேலதிகாரி அமிர்தலிங்கம் சாரின் தலையில் மட்டும் இருக்கிறது.

9 ஜூலை

மூன்று நாளாக ஒரே மெஷினோடு மல்லுக்கட்டு. அந்த மென்பொருளுக்கு முன்னால் வேறொன்று வேண்டுமாம், அதற்கு முன்னால் இன்னொன்று. கடைசியாக ஒன்றைப் போட்டேன், நேற்றுவரை ஓடிய பிரிண்டர் நின்றுவிட்டது. சார் திட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவரும் இதையேதான் செய்தாராம்.

21 ஜூலை

இன்று நல்ல நாள். பி.எஸ்.டி.க்காக வெளிநாட்டில் யார் யாரோ சம்பளமில்லாமல் சேர்த்து வைத்த தொகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு செய்முறை. எங்கிருந்து எடுப்பது, எதைத் திருத்துவது, முன்னதாக என்னென்ன வேண்டும், எங்கே வைப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. ஒரே கட்டளைதான் கொடுத்தேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கிறது! நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, என்ன ஆச்சு என்று பக்கத்து மேசை ரொஹானி மலாயில் கேட்டாள்.

22 ஜூலை

அதே செய்முறையை மற்றப் பதினொன்றிலும் ஓட்டினால் என்ன? சாரிடம் கேட்டேன்.

"நடக்காதும்மா. அவங்க மெஷினுக்குன்னு அவங்க எழுதுனது."

பிறகு அவரே கொஞ்சம் யோசித்துவிட்டு, செப்டம்பர் ஏழு வரை பார் என்றார். அன்று புதிய வரைபட மென்பொருள் பதினான்கிலும் ஒரே நாளில் ஏறியாக வேண்டும். முடியாவிட்டால் இந்த வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட மேலிடம் நினைக்கிறதாம். அப்படியானால் நான் எதற்கு?

5 ஆகஸ்ட்

முடியல. பழைய யூனிக்ஸில் 'டார்' என்ற கட்டளைக்குச் சுருக்கிய கோப்பைப் பிரிக்கத் தெரியாது. 'இன்ஸ்டால்' என்று பேர் ஒன்றுதான், செய்வது வேறு. வரைபட மென்பொருளுக்கு வேண்டிய நாற்பது செய்முறையில் ஒன்றைத் திருத்தினால் மற்றவை காத்திருக்கின்றன. நாற்பதையும் மூன்று விதமாக எழுதினால் பழைய கதைதானே? ஏன்டி பஞ்சாலை, இந்த வேலைக்கு வந்தே? லைன்லயே கிடந்திருக்கலாம்ல.

9 ஆகஸ்ட், ஞாயிறு

என் வீட்டுக்காரர் தங்கராஜு, எண்ணெய் மில்லுக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். சீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய டூல் பெட்டி. மில்லில் ஒர்க்ஷாப் இருக்கும்போது இதை எதற்குத் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள் என்று கேட்டேன்.

"ஒவ்வொரு மில்லுலயும் ஒவ்வொரு சைஸு ஸ்பானர் வச்சிருப்பான்லா. அத நம்பி நான் வண்டி எடுக்க முடியுமா?"

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன். நாற்பது செய்முறையை எதற்குத் திருத்த வேண்டும்? எல்லா மெஷினுக்கும் என் கருவிகளையே முதலில் கொண்டுபோனால்? டார், இன்ஸ்டால், செய்முறையை ஓட்டும் மேக், எல்லாம் என்னுடையது. தனி இடத்தில் வைப்பேன். மெஷினின் சொந்தக் கருவி எதையும் தொடவே மாட்டேன். பிரிண்டரும் பிழைத்துக்கொள்ளும்.

மீதி லாரியை அவரே கழுவினார்.

13 ஆகஸ்ட்

லினக்ஸ் ஓடுகிறது!

20 ஆகஸ்ட்

பழைய யூனிக்ஸும். நாற்பதில் முப்பத்தாறு செய்முறை ஓரெழுத்துகூட மாற்றாமல் ஓடின. மற்ற நான்கும் எனக்குப் பயந்தவை, திருந்திவிடும்.

28 ஆகஸ்ட்

சார் அனுமதியோடு என் திருத்தங்களை அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். ஒருவர் பதில் போட்டிருக்கிறார். எங்கள் தொழிற்சாலைக் கோப்புறையின் பெயரை அப்படியே உள்ளே எழுதி வைத்திருக்கிறேனாம். வேறு யார் ஓட்டினாலும் முதல் வரியிலேயே நின்றுவிடுமாம். வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் மனுஷன் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். இடத்தை அவரவரே சொல்லிக்கொள்ளும்படி மாற்றி அனுப்பினேன்.

7 செப்டம்பர், திங்கள்

எட்டு மணிக்குத் தொடங்கினோம். பதினொன்றுக்கு ஆறாவது மெஷின் நின்றுவிட்டது. சார் பின்னால் வந்து நின்றார். தேடிப் பார்த்தால் டிஸ்க்கில் இடமில்லை. இடத்தை அடைத்திருந்தது ரொஹானி இறக்கி வைத்த விளையாட்டுகள். அழித்ததும் விட்ட இடத்திலிருந்து தானே தொடர்ந்தது. ரொஹானி இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம்தான் தாங்கினாள்.

மூன்று மணிக்குப் பதின்மூன்று முடிந்தது. கடைசி மெஷினுக்குச் சார் தானே உட்கார்ந்து கட்டளையைத் தட்டினார். அது ஓடி முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

"இனிமே நான் லீவு எடுக்கலாம்லா," என்றார். மூன்று வருஷமாக எடுக்கவில்லையாம்.

30 செப்டம்பர்

என் திருத்தங்கள் அந்தத் தொகுப்பில் சேர்ந்துவிட்டன. உதவியவர்கள் பட்டியலில் என் பெயர், ஓர் எழுத்துப் பிழையோடு. பரவாயில்லை, அது பஞ்சாலைதான் என்று எனக்குத் தெரியும்.

2 நவம்பர், திங்கள்

காலை ஐந்தரைக்குத் தொழிற்சாலை பஸ் எங்கள் எஸ்டேட் முனையில் நின்றது. ஏறப் போனேன். டிரைவர் சன்னாசி அண்ணன் தாளைப் பார்த்துவிட்டு, "உம் பேரு லிஸ்ட்டுல இல்லையேம்மா," என்றார். சோதனைக் காலம் போன வாரத்தோடு முடிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? தங்கராஜு தொழிற்சாலை இருக்கும் செனாவாங் வரைக்கும் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

என் மேசைக் காகிதங்களுக்கு அடியிலிருந்து சார் ஓர் உறையை உருவினார். வெள்ளிக்கிழமையே வந்ததாம். நவம்பர் ஒன்று முதல் நிரந்தரம். அந்த பஸ் லைன் ஆட்களுக்கு மட்டும்தான், இதுவரை நானும் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். ஆபீஸ்காரர்கள் சொந்தமாக வந்துகொள்ள வேண்டும்.

மாலையில் ரொஹானி தன் மோட்டாரில் வீடுவரை கொண்டுவந்து விட்டாள். வழியெல்லாம் மழை. இனி ஐந்தரை பஸ் இல்லை, நாளையிலிருந்து ஏழு மணிக்கு எழுந்தால் போதும்.